புரதம் செய்யாத ஆர்என்ஏவுக்கு இதயத்தில் என்ன வேலை?

2007ஆம் ஆண்டில், தனித்தனியாக வேலை செய்துகொண்டிருந்த சில ஆய்வுக் குழுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஒரே விடையோடு வந்து நின்றன. மாரடைப்பு வந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர், வராதவர்கள் ஆயிரக்கணக்கானோர். இரு தரப்பின் டிஎன்ஏவையும் லட்சக்கணக்கான புள்ளிகளில் ஒப்பிட்டால் எங்கே வேறுபாடு தெரிகிறது என்பதுதான் அவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி. கனடா, ஐஸ்லாந்து, பிரிட்டன், ஜெர்மனி என்று எங்கிருந்து தேடினாலும் விரல் ஒரே முகவரியைச் சுட்டியது: 9ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் 21ஆம் பட்டை. ஆய்வாளர்கள் அதை 9பி21 என்பார்கள்.

முகவரி கிடைத்துவிட்டது. கதவைத் தட்டினால் வீட்டில் ஆளைக் காணோம்! சுமார் 58,000 எழுத்து நீளமுள்ள அந்தத் துண்டில் புரதம் செய்யும் மரபணு ஒன்றுகூட இல்லை. கொலஸ்ட்ராலைக் கூட்டி அது மாரடைப்பை வரவழைக்கிறதா என்றால் அதுவும் இல்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை என்று வழக்கமான குற்றவாளிகளை எல்லாம் கணக்கில் கழித்த பிறகும் அந்த இடத்தின் பங்கு அப்படியே நின்றது.

அந்த வீட்டில் ஆள் இருக்கத்தான் செய்தது. புரதம் செய்பவரை மட்டுமே ஆள் என்று எண்ணிப் பழகிய கண்ணுக்குத்தான் தெரியவில்லை. அதே 2007இல், புற்றுநோய் தலைமுறை தலைமுறையாக வரும் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள், மாரடைப்பைப் பற்றிய நினைப்பே இல்லாமல், அங்கே ஒரு நீண்ட ஆர்என்ஏ உருவாவதைக் கண்டு அதற்கு ‘அன்ரில்’ என்று பெயர் வைத்தார்கள். அதன் வால்பகுதி, மாரடைப்பு ஆய்வுகள் சுட்டிய துண்டுக்குள்ளேயே போய் முடிகிறது.

அன்ரில் எந்தப் புரதத்தையும் செய்வதில்லை. அப்படியானால் அது அங்கே என்ன செய்கிறது?

கட்டடமாகாத வரைபடங்கள்

பள்ளிப் பாடத்தைக் கொஞ்சம் தூசி தட்டிக்கொள்வோம். டிஎன்ஏ உட்கருவை விட்டு வெளியே வராது. அதில் எழுதியிருப்பது தேவைப்படும்போது, தேவைப்படும் பகுதியை மட்டும் செல் நகல் எடுத்துக்கொள்கிறது. நகலின் பெயர் ஆர்என்ஏ. அது வெளியே போய் ரைபோசோம் என்ற எந்திரத்தில் ஏறும். எந்திரம் மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதமாக்கும். தசை சுருங்குவதும் ரத்தம் உறைவதும் கல்லீரல் கொழுப்பைப் பிடித்து இழுப்பதும் புரதங்களின் வேலை. அதனால் ஆர்என்ஏ என்றாலே புரதத்துக்கான வரைபடம் என்றுதான் பல காலம் சொல்லிக்கொடுத்தார்கள்.

கணக்குதான் இடித்தது. மனித டிஎன்ஏவில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் இருக்கின்றன. புரதத்தின் வரிசையை நேரடியாகச் சொல்லும் எழுத்துகள் அதில் 2 சதவீதத்துக்கும் குறைவு. புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள, மொத்தமே 959 உடற்செல்கள் கொண்ட ஓர் உருளைப்புழுவுக்கும் ஏறத்தாழ அதே 20,000தான். மரபணுக்களின் எண்ணிக்கையில்தான் நம் பெருமை இருக்கிறது என்று நம்பியவர்களுக்கு முகம் சுருங்கியிருக்கும்.

மீதி 98 சதவீதம்? 1972இல் சுசுமு ஓனோ என்ற மரபியலாளர் எடுத்தாண்ட ‘குப்பை டிஎன்ஏ’ என்ற பெயர் அதன் மேல் ஒட்டிக்கொண்டது. உப்புக்குச் சப்பாணியாகக் கிடக்கும் எழுத்துகள் என்று பொருள். பிறகு, மனித டிஎன்ஏவில் எந்தப் பகுதி என்ன செய்கிறது என்று பட்டியலிடும் ‘என்கோட்’ திட்டத்தின் 2012ஆம் ஆண்டு முடிவுகள், டிஎன்ஏவில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஏதாவது ஒரு வகைச் செல்லில் ஆர்என்ஏவாக நகல் எடுக்கப்படுகிறது என்று காட்டின. குப்பை என்றால் இவ்வளவு நகல் எதற்கு என்ற கேள்வி எழுந்தது. இங்கே ஒரு நிதானம் தேவை. நகலாகிறது என்பதாலேயே பயனுள்ளது என்று ஆகிவிடாது. செல்லின் நகல் எந்திரம் சில சமயம் சும்மாவும் ஓடும். அந்த முக்கால் பங்கில் எவ்வளவு அர்த்தமுள்ளது, எவ்வளவு வெறும் இரைச்சல் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

புரதமாகாத இந்த நகல்களில் 200 எழுத்துக்கு மேல் நீளமுள்ளவற்றை ‘நீள் குறியீடற்ற ஆர்என்ஏ’ என்கிறார்கள். ஆய்வகப் பேச்சில் ‘லிங்க் ஆர்என்ஏ’. இங்கே சுருக்கமாக நீள ஆர்என்ஏ என்றே சொல்கிறேன். 200 என்ற எல்லைக்குப் பின்னால் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. ஆர்என்ஏவைப் பிரித்தெடுக்கும் முறைகளில் அதைவிடச் சிறியவை நழுவிப் போய்விடும், அவ்வளவுதான். எல்லையை 500க்கு உயர்த்தலாம் என்று 2023இல் இத்துறையினர் பலர் சேர்ந்து பரிந்துரைத்தார்கள். மனிதரில் இவை எத்தனை என்று கேட்டால், எந்தப் பட்டியலைப் புரட்டுகிறோம் என்பதைப் பொறுத்து இருபதாயிரத்தில் தொடங்கி ஒரு லட்சத்தை நெருங்கும் வரை விடை வரும். 2024இல் நோபல் பரிசு பெற்ற மைக்ரோ ஆர்என்ஏக்கள் வேறு இனம். அவை 22 எழுத்து அளவுள்ள, மற்ற ஆர்என்ஏக்களை ஒடுக்கும் பொடியர்கள். நம் கதையில் பக்கவாட்டில் மட்டும் வருவார்கள்.

நூல்கண்டும் சாரமும்

இதயச் செல்லிலும் மூளைச் செல்லிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ. எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. டிஎன்ஏ, ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல் நூல்கண்டு போலச் சுற்றப்பட்டிருக்கிறது. இறுக்கிச் சுற்றிய இடத்தை நகல் எந்திரத்தால் நெருங்க முடியாது. தளர்ந்த இடத்தைப் படிக்கலாம். இறுக்கவும் தளர்த்தவும் தனித்தனிப் புரதக் கூட்டங்கள் உண்டு. ஆனால் 300 கோடி எழுத்துக்குள் எந்த இடத்தில் போய் இறுக்குவது என்று அந்தக் கூட்டங்களில் பலவற்றுக்குத் தாமாகத் தெரியாது.

நீள ஆர்என்ஏக்களில் பல இந்த இடத்தில்தான் நுழைகின்றன. ஆர்என்ஏ ஒற்றை இழை. வளைந்து, மடிந்து, கொக்கியும் குழியுமாக உருவம் கொள்ளும். ஒரு பக்கம் டிஎன்ஏவையும் மறுபக்கம் புரதத்தையும் பிடித்துக்கொள்ளும். கட்டட வேலையில் கொத்தனார் நிற்பதற்குச் சாரம் கட்டுவதுபோல, சில நீள ஆர்என்ஏக்கள் புரதங்கள் ஒன்றுகூடி நிற்க இடம் தருகின்றன. சில கைகாட்டியாக அழைத்துப் போகின்றன. சில அதற்கு நேர்மாறாக, புரதத்தைத் தம்மிடமே பிடித்துவைத்து, போகவேண்டிய இடத்துக்குப் போகவிடாமல் செய்கின்றன. உட்கருவுக்கு வெளியே இருப்பவற்றில் சில, மைக்ரோ ஆர்என்ஏக்களைப் பஞ்சுபோல உறிஞ்சிக்கொள்வதாகச் சொல்வார்கள். இந்தப் பஞ்சுக் கதையைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு கேட்பது நல்லது. ஒரு செல்லில் சில பிரதிகள் மட்டுமே இருக்கும் ஆர்என்ஏ, ஆயிரக்கணக்கில் இருக்கும் மைக்ரோ ஆர்என்ஏவை எப்படி உறிஞ்சித் தீர்க்கும்? ஆண்டுதோறும் வந்து குவியும் பஞ்சுக் கட்டுரைகளில் எல்லாமே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை.

நீள ஆர்என்ஏவால் ஒன்றும் ஆகாது என்று அடம் பிடிப்பவருக்குக் காட்டவேண்டியது ‘எக்ஸிஸ்ட்’. பெண்ணின் செல்லில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள். இரண்டும் வேலை செய்தால் அளவு மிஞ்சிவிடும். ஏறத்தாழ 17,000 எழுத்து நீளமுள்ள எக்ஸிஸ்ட் ஆர்என்ஏ, ஒரு குரோமோசோமைப் போர்வைபோலப் போர்த்தி அதை ஏறக்குறைய முழுதுமாக அடக்கிவைக்கிறது. 1991இல் இது தெரியவந்தபோது விதிவிலக்கு என்று ஒதுக்கினார்கள். விதிவிலக்குகள் பிறகு வரிசை கட்டத் தொடங்கின.

குழாயின் சுவரில்

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் இதய, ரத்தக்குழாய் நோய்களால் இறந்தவர்கள் சுமார் 1 கோடியே 79 லட்சம் பேர். அதில் பெரும்பங்கு மாரடைப்பும் பக்கவாதமும். இரண்டுக்கும் பொதுவான தொடக்கம் தமனியின் சுவர்.

அந்தச் சுவரில் மூன்று பாத்திரங்களை மட்டும் நினைவில் வைத்தால் போதும். உள்ளே ரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய உட்சுவர்ச் செல்கள். அதற்குப் பின்னால், குழாயைச் சுருக்கி விரிக்கும் மென்தசைச் செல்கள். மூன்றாவது, ரத்தத்திலிருந்து உள்ளே வந்து கொழுப்பை விழுங்கும் மேக்ரோபேஜ்கள். உட்சுவர் பழுதடைந்தால் கொழுப்பு உள்ளே நுழைகிறது, மேக்ரோபேஜ் அதைத் தின்று தின்று ஊதிப்போகிறது, மென்தசைச் செல்கள் தம் வேலையை மறந்து பெருகி இடம்பெயர்கின்றன. இப்படித்தான் படிவு வளர்கிறது. என்றாவது அது வெடித்து, மேலே ரத்தம் உறைந்தால் மாரடைப்பு.

மூன்றிலுமே நீள ஆர்என்ஏக்களின் கை இருக்கிறது. உட்சுவர்ச் செல்கள் பெருகிப் புதுக் கிளை விடுவதற்கு மாலட்1 என்ற ஆர்என்ஏ துணை நிற்பதை 2014இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது இல்லாத எலிக்குஞ்சுகளின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் குறைவாகவே படர்ந்தன. மேக்ரோபேஜில் மெக்சிஸ் என்று ஒன்று இருக்கிறது. கொழுப்பை விழுங்கிய மேக்ரோபேஜ், கொலஸ்ட்ராலை வெளியே தள்ளவும் வேண்டும். அதற்கு ஏபிசிஏ1 என்ற புரதம் வாசலில் நின்று இறைக்கிறது. உள்ளே கொலஸ்ட்ரால் கூடியதும் அந்த இறைப்பான் இன்னும் வேண்டும் என்று மரபணுவுக்குக் கட்டளை போகும். கட்டளையின் குரலை உயர்த்திக் கொடுப்பது மெக்சிஸ். ரத்தச் செல்களில் மெக்சிஸ் இல்லாத எலிகளுக்குத் தமனிப் படிவு அதிகமானது என்று 2018இல் தெரிந்தது. மெக்சிஸ் தானாக ஒரு சொட்டுக் கொலஸ்ட்ராலையும் தொடவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

இனி அன்ரிலுக்குத் திரும்பலாம். அதன் அக்கம்பக்கத்தில் இருக்கும் இரண்டு மரபணுக்கள் செல் பெருகுவதற்குக் கடிவாளம் போடுபவை. அன்ரில், பாலிகோம்ப் என்ற இறுக்கும் புரதக் கூட்டத்தை அழைத்துவந்து அந்த மரபணுக்களின் நூலை இறுக்குகிறது. கடிவாளம் தளர்கிறது, செல் பெருகுகிறது. தமனிச் சுவரில் மென்தசைச் செல்கள் பெருகுவது எவ்வளவு ஆபத்து என்பதை மேலே பார்த்தோம். இத்தோடு கதை முடிந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். ஆனால் அன்ரில் ஒரே உருவில் இருப்பதில்லை. வெட்டி ஒட்டும் விதத்தைப் பொறுத்துப் பல நீளங்களில் வருகிறது. தலையும் வாலும் சேர்ந்து வளையமாகிவிடும் உருவமும் உண்டு. அந்த வளையம், ரைபோசோம் தயாராவதற்கு வேண்டிய ஒரு புரதத்தைப் பிடித்துவைத்துச் செல் பெருக்கத்தைத் தடுக்கிறது என்று 2016இல் கண்டார்கள். நேரான அன்ரில் கேடு செய்ய, வளைந்த அன்ரில் காவல் காக்கிறது!

எலியை வைத்துச் சோதிக்கலாம் என்றால் அங்கேயும் சிக்கல். 9பி21க்கு ஒப்பான 70,000 எழுத்துத் துண்டை எலியில் அறுத்தெடுத்த ஆய்வு 2010இல் வந்தது. கடிவாள மரபணுக்களின் அளவு குறைந்தது, தமனியின் மென்தசைச் செல்கள் மிதமிஞ்சிப் பெருகின. ஆனால் எதிர்பார்த்த கொழுப்புப் படிவு மட்டும் கூடவில்லை. எலியின் டிஎன்ஏ மனித டிஎன்ஏவின் நகல் இல்லையே.

வழி திறந்தது 2018இல். ஆபத்தான வகை 9பி21 உள்ளவர்களிடமிருந்து செல்களை எடுத்து, அவற்றைக் குருத்தணுவாக்கி, அதிலிருந்து தமனி மென்தசைச் செல்களை வளர்த்தார்கள். அந்தச் செல்கள் ஒழுங்காகச் சுருங்கவில்லை, ஒட்டிக்கொள்ளவில்லை. பிறகு மரபணுத் திருத்தத்தால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எறிந்தார்கள். செல்கள் சரியாகிவிட்டன. ஆபத்தில்லாத வகைச் செல்லுக்குள் அன்ரிலின் குட்டை உருவத்தை ஏற்றியபோது, நல்ல செல் கெட்ட செல்லைப்போல நடக்கத் தொடங்கியது. 11 ஆண்டுக்கு முன் தட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து வந்த தெளிவான குரல் என்று நான் நினைப்பது இதைத்தான்.

மாற்றாள் இல்லாத தசை

தோல் உதிர்ந்தால் புதுத் தோல் வரும். இதயத் தசைச் செல்லுக்கு அந்த வசதி ஏறக்குறைய இல்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கதிரியக்கக் கார்பன், அந்தந்த ஆண்டில் பிறந்த செல்களின் டிஎன்ஏவில் பதிந்திருக்கிறது. அதைத் தேதி முத்திரையாகக் கொண்டு சுவீடன் ஆய்வாளர்கள் 2009இல் கணக்கிட்டார்கள்: 25 வயதில் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீத இதயத் தசைச் செல்களே புதிதாகின்றன. 75 வயதில் அதுவும் 0.45 சதவீதமாகிவிடுகிறது. அணுகுண்டு தந்த ஒரே நல்ல அளவுகோல் இதுவாகத்தான் இருக்கும்.

மாற்றாள் இல்லாதபோது இருக்கிற ஆள்தான் கூடுதல் சுமையைத் தாங்கவேண்டும். ரத்த அழுத்தம் ஆண்டுக்கணக்கில் உயர்ந்தே இருந்தாலோ, இதயத்தின் வாசல் வால்வு குறுகினாலோ, ஒவ்வொரு தசைச் செல்லும் பருக்கிறது. தொடக்கத்தில் இது உதவி. நாளடைவில் தடித்த தசை விறைக்கிறது, இடையிடையே தழும்புத் திசு ஓடுகிறது, இதயம் தளர்கிறது. இந்த மாற்றத்தின்போது செல் ஒரு விநோதமான காரியம் செய்யும்: கருவில் இருந்தபோது ஓட்டிய பழைய மரபணுத் திட்டத்தை மறுபடி எடுத்துப் போட்டுக்கொள்ளும்.

அதைத் தூண்டுபவர்களில் ஒருவர் பிஆர்ஜி1 என்ற புரதம். நூல்கண்டைப் பிரித்து மாற்றிச் சுற்றும் எந்திரத்தின் மோட்டார் அது. கருவில் சுறுசுறுப்பாக இருந்து, வளர்ந்த இதயத்தில் ஓய்ந்துவிடும். அழுத்தம் வந்தால் மறுபடி எழும். 2014இல் கண்டறியப்பட்ட ‘மைஹார்ட்’ என்ற நீள ஆர்என்ஏ இதற்கு எதிராளி. இதயத் தசையின் முக்கியமான சுருங்கு புரதமான மயோசினுக்கான மரபணு இருக்கும் இடத்திலேயே, எதிர்த்திசையில் படிக்கப்பட்டு உருவாகிறது. ஆரோக்கியமான எலி இதயத்தில் இது நிறைய இருக்கும். பிஆர்ஜி1 டிஎன்ஏவைப் பற்றும் கையையே மைஹார்ட் பிடித்துக்கொள்வதால், பிஆர்ஜி1 தன் இலக்குகளை அடைய முடியாமல் போகிறது.

அழுத்தம் கூடும்போது நடப்பதுதான் இதில் சுவையான பகுதி. எழுந்துவரும் பிஆர்ஜி1, கூட்டாளிகளோடு சேர்ந்து முதலில் மைஹார்ட்டின் உற்பத்தியையே அடைக்கிறது. மைஹார்ட் குறையக் குறைய பிஆர்ஜி1க்குத் தடை குறைகிறது. தடை குறைந்ததும் மைஹார்ட் மேலும் அடைபடுகிறது. ஒருவர் ஏறினால் மற்றவர் இறங்கும் ஏற்றப்பலகை இது. எந்தப் பக்கம் சாயத் தொடங்குகிறதோ அந்தப் பக்கமே வேகமாகச் சாயும். அழுத்தத்துக்கு ஆளான எலிகளில் மைஹார்ட் அளவைச் செயற்கையாகத் தக்கவைத்தபோது இதயம் தடிப்பதும் தளர்வதும் தடுக்கப்பட்டன. நோயுற்ற மனித இதயத் திசுக்களிலும் இதன் மனித வடிவம் குறைந்தே காணப்பட்டது.

எல்லா நீள ஆர்என்ஏவும் நல்லபிள்ளை இல்லை. ஜெர்மனியின் ஹனோவரில் 2016இல் கண்ட ‘சாஸ்ட்’ நேர் எதிர்: இதயம் தடிக்கும்போது கூடுகிறது, செல்லின் உள்கழிவுகளைச் செரித்து அகற்றும் வேலையைக் கெடுக்கிறது. அதை ஒடுக்கும் மருந்துத் துண்டு கொடுத்த எலிகளின் இதயம் அவ்வளவாகத் தடிக்கவில்லை. வால்வு குறுகிய மனிதர்களின் தடித்த இதயத்திலும் சாஸ்ட் கூடியிருந்தது. அதற்கடுத்த ஆண்டு தெரியவந்த ‘விஸ்பர்’ தசைச் செல்லில் வேலை செய்வதில்லை, தழும்பு நெய்யும் நார்ச்செல்களில் வேலை செய்கிறது. மாரடைப்புக்குப் பின் எலியில் அதைக் குறைத்தால் தழும்பும் குறைந்தது. ஆனால் மாரடைப்பு வந்தவுடன் கொஞ்சம் தழும்பு வேண்டும், இல்லாவிட்டால் செத்த தசை இருந்த இடத்தில் இதயச் சுவரே கிழிந்துவிடும். எப்போது குறைப்பது என்பது, எதைக் குறைப்பது என்பதைவிடக் கடினமான கேள்வி.

வேலை செய்வது மூலக்கூறா, அதன் நிழலா?

இதுவரை படித்ததில் எல்லாம் பொருந்திவருவதுபோலத் தோன்றினால், இந்தப் பகுதிதான் கட்டுரையின் பயனுள்ள பகுதி.

ஹேண்ட்2 என்ற மரபணு இல்லாமல் இதயத்தின் வலது கீழறை உருவாகாது. அதற்கு அருகிலிருந்து எதிர்ப்பக்கமாக ‘அப்பர்ஹேண்ட்’ என்ற நீள ஆர்என்ஏ நகல் எடுக்கப்படுகிறது. எலிக் கருவில் அந்த நகலெடுப்பை 2016இல் ஆய்வாளர்கள் நடுவழியில் நிறுத்தினார்கள். ஹேண்ட்2 அணைந்தது, வலது கீழறை இல்லை, கரு இறந்தது. ஆகா, அப்பர்ஹேண்ட் இல்லாமல் இதயம் இல்லை என்று எழுதிவிடலாமா? அதே 2016 ஆய்வில் அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள்: நகலெடுப்பைத் தடுக்காமல், உருவாகி முடிந்த ஆர்என்ஏவை மட்டும் அழித்துப் பார்த்தார்கள். ஹேண்ட்2க்கு ஒன்றுமே ஆகவில்லை. தேவைப்பட்டது அந்த ஆர்என்ஏ இல்லை. அந்த இடத்தில் நகல் எந்திரம் ஓடுவதுதான். எந்திரம் ஓடும்போது நூல் தளர்கிறது, பக்கத்து மரபணுவுக்கு வழி கிடைக்கிறது. ஆர்என்ஏ அந்த ஓட்டத்தின் புழுதி. இந்த வேறுபாடு மருந்துக்கு உயிர்நாடி. புழுதியைக் கூட்டிப் பெருக்கும் மருந்தால் யாருக்கு என்ன பயன்?

இரண்டாவது வம்பு, பெயரிலேயே இருக்கிறது. புரதம் செய்யாதது என்று பட்டியலில் எழுதிவைத்த ஓர் ஆர்என்ஏவைக் கிளறியபோது, 34 அமினோ அமிலங்களே உள்ள குட்டிப் புரதம் ஒன்று கிடைத்தது. கணினிகள் மரபணு தேடும்போது மிகச் சிறிய புரதங்களைப் புறக்கணித்துவிடும், அதனால் தப்பியிருந்தது. ‘டுவார்ஃப்’ என்று பெயர் வைத்த அது அற்பமான ஆள் இல்லை. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் கால்சியத்தைச் சேமிப்பறைக்குள் திரும்ப இறைக்கும் எந்திரத்தை வேகப்படுத்துகிறது. அதாவது, சுருங்கிய இதயத் தசை இளகி அடுத்த துடிப்புக்குத் தயாராவதற்கு உதவுகிறது. பட்டியலில் இப்படி இன்னும் எத்தனை பேர் தவறான பெயரோடு உட்கார்ந்திருக்கிறார்களோ.

மூன்றாவது, எலிக்கும் மனிதனுக்கும் உள்ள தூரம். புரத மரபணுக்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அதிகம் மாறாமல் வருகின்றன. நீள ஆர்என்ஏக்களின் எழுத்து வரிசை வேகமாக மாறுகிறது. 2013இல் ‘பிரேவ்ஹார்ட்’ என்ற ஆர்என்ஏ எலியின் கருச்செல்லை இதயச் செல் ஆகும் பாதையில் திருப்பிவிடுவதாகக் கண்டபோது பெரிய பரபரப்பு. அந்த ஆர்என்ஏ மனிதரில் காணப்படவே இல்லை. ஆகவே இந்தத் துறையில் எந்தச் செய்தியைப் படித்தாலும் அது எலியா, மனிதச் செல்லா, மனிதரா என்று முதலில் பாருங்கள். தலைப்பில் அது பெரும்பாலும் இருக்காது, மூன்றாம் பத்தியில் ஒளிந்திருக்கும்.

ரத்தத்தில் தேடுவதும் ஊசியில் தடுப்பதும்

நீள ஆர்என்ஏக்களில் சில, செல்லை விட்டு ரத்தத்துக்கும் வருகின்றன. 2014இல் ‘லிப்கார்’ என்ற மைட்டோகாண்ட்ரியா ஆர்என்ஏ இப்படிப் பெயர் பெற்றது. மாரடைப்புக்குப் பின் முதலில் குறைந்து, இதயத்தின் வடிவம் கெடத் தொடங்கும் பிந்தைய நாட்களில் உயர்கிறது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் இதன் அளவு கூடுதலாக இருந்தவர்களுக்கு இறப்பு வாய்ப்பும் கூடுதலாக இருந்தது. நல்ல அறிகுறிதான். ஆனால் மருத்துவமனையில் ஏற்கெனவே டிரோபோனின் இருக்கிறது, இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் புரதத்தை அளக்கும் சோதனை. மலிவானது, வேகமானது, நம்பகமானது. புதிதாக வருவது அது சொல்லாத எதையாவது சொல்லவேண்டும். போதாக்குறைக்கு, இதய நோயாளிகளுக்கு ரத்தம் உறையாமலிருக்க வழக்கமாகக் கொடுக்கும் ஹெபாரின் மருந்தே, ரத்தத்தில் ஆர்என்ஏவை அளக்கும் வினையைக் குழப்பிவிடும். யாரைச் சோதிக்கவேண்டுமோ அவரிடமே சோதனை தடுமாறுகிறது.

மருந்தைப் பொறுத்தவரை கொள்கை எளிது. குறிவைத்த ஆர்என்ஏவின் எழுத்துகளுக்கு எதிர் எழுத்துகளைக் கொண்ட சிறு துண்டைச் செய்து அனுப்பினால் அது போய் ஒட்டிக்கொள்ளும், செல்லின் நொதிகள் வந்து அந்த ஆர்என்ஏவை வெட்டிவிடும். இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்க்லிசிரான் ஐரோப்பாவில் 2020இலும் அமெரிக்காவில் 2021இலும் அனுமதி பெற்றது. தொடக்க ஊசிகளுக்குப் பின் ஆண்டுக்கு இரண்டு ஊசிகளில் கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்கிறது. அது தடுப்பது கல்லீரலில் உருவாகும், புரதம் செய்யும் சாதாரண ஆர்என்ஏவை. மருந்தோடு கோத்த ஒரு சர்க்கரையைப் பற்றி அதை உள்ளே இழுக்கும் பிடி கல்லீரல் செல்லில் இருக்கிறது. இதயத் தசைக்கு அவ்வளவு வசதியான பிடி இல்லை. போட்ட ஊசியில் பெரும்பகுதி கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் தங்கிவிடும். இதயத்தைக் குறிவைத்து மைக்ரோ ஆர்என்ஏ-132ஐத் தடுக்கும் மருந்து, இதயச் செயலிழப்பு உள்ள 28 பேரிடம் பாதுகாப்பாக இருந்ததாக 2021இல் முதற்கட்ட முடிவு வந்தது. நீள ஆர்என்ஏவைக் குறிவைத்து இதய நோய்க்கு அனுமதி பெற்ற மருந்து இதுவரை ஒன்றும் இல்லை.

இந்த விஷயத்தைப் பேசினால் கடைசியில் எல்லாரும் கேட்பது ஒன்றே: அப்படியானால் என் 9பி21ஐப் பரிசோதித்துப் பார்த்துவிடட்டுமா? ஐரோப்பிய வம்சாவளியினரில் ஐந்தில் ஒருவர் அல்லது நான்கில் ஒருவர் ஆபத்தான வகையை இரட்டைப் பிரதியாக வைத்திருக்கிறார்கள். அந்த வகையே இல்லாதவரோடு ஒப்பிட்டால் இவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு சுமார் 30 முதல் 60 சதவீதம் வரை கூடுதல். 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், புகைப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. 9பி21 எப்படி வந்தாலும் மருத்துவர் எழுதித் தரும் மருந்துச்சீட்டு மாறப்போவதில்லை. அன்ரிலுக்கு மாத்திரை இல்லை. சிகரெட்டை அணைக்க மாத்திரையே வேண்டாம்.